பழைய வீட்டின் உள்சுவரை மறுபூச்சுக்கு எப்படித் தயார் செய்வது?

தக்கலைப் பக்கம் அறுபது வருடப் பழைய வீடு, உள்சுவரில் காரை பெயர்ந்து உதிர்கிறது, கொத்திவிட்டு மறுநாளே பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார், சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கொத்துவது சரி. மறுநாளே பூசுவது வேண்டாம்.

குளச்சல் பக்கம் என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் நாங்கள் இதை அனுபவித்தோம். வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர், சுண்ணாம்புச் சாந்து. கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்று கார்த்திகை மழை விட்டதும் விடாததுமாகக் கொத்தி, அதே வாரம் சிமென்ட் பூசி, பெயின்டும் அடித்தாயிற்று. அடுத்த ஆடிக்குள் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, கை வைத்தால் பூச்சு தட்டுத் தட்டாக வந்தது. அம்மா தினமும் காலையில் அந்த மணலைப் பெருக்கி அள்ளுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இரண்டாம் முறை வந்தவர் எழுபது வயதுக் கொத்தனார். அவர் சுவரைத் தொடவே இல்லை, முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். பின்புற முற்றத்தில் பிற்பாடு போட்ட சிமென்ட் தளம் வீட்டின் உள்தரையைவிட நான்கு விரல் உயரமாக இருந்தது. மழைத் தண்ணீர் சுவரோடு தேங்கி, ஓதமாக உள்ளே ஏறியிருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்வதால் அப்படிப்பட்ட சுவர் காய நேரமே கிடைப்பதில்லை. சுவரோரம் ஓரடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி எடுத்து, மண்ணை உள்தரைக்கு அரையடி கீழே இறக்கினோம். உடைந்த ஓடுகளையும் மாற்றினோம்.

உங்கள் வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் அது காற்றின் ஈரம்.

பிறகுதான் கொத்துவது. சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் உள்ளே பிடிப்பு விட்டுப் போனவை, சாக்பீஸால் வட்டம் போட்டு அத்தனையையும் எடுத்துவிட வேண்டும். உப்பு பூத்த இடத்தில், உப்பு தெரியும் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி சேர்த்துக் கொத்துங்கள். வெட்டுக்கல்லுக்கு மெஷின் வேண்டாம், கல்லே உடைந்து வரும். உளியும் சுத்தியலும் போதும். கல் இணைப்புகளில் உதிரும் சாந்தை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினால் புதுப் பூச்சுக்குப் பிடி கிடைக்கும். உறுதியாக நிற்கும் பழைய பூச்சின் மேல் பூசுவதானால் டிஸ்டம்பரையும் வெள்ளையையும் சுரண்டிவிட்டு, உளியால் நெருக்கமாகப் பொளிந்து, அதாவது சிறு சிறு குழிகளாகக் கொத்தி விடுங்கள். ஒயரிங் குழாய்க்குக் காடி வெட்டுவதும் இப்போதே. முதலில் மெயினை அணைத்துவிடுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த கம்பி பிரஷால் தேய்த்து, விழும் தூளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். சுவர் காயக் காய உப்பு மறுபடி வெளியே வரும், மறுபடி தேய்க்க வேண்டும். நாங்கள் நான்கு தடவை தேய்த்தோம்.

அப்புறம் காத்திருப்பு. தை மாதம் கொத்தினோம். "மக்கா, இப்பம் பூசாண்டாம். பங்குனி வரை அப்படியே கெடக்கட்டும்" என்றார் அந்தக் கொத்தனார். மூன்று மாதம் சுவரை அம்மணமாக வைத்துக்கொண்டு வாழ்வது சிரமம்தான். ஜன்னலைத் திறந்து வைத்தோம், கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டோம்.

இத்தனை நாள் காயவைத்த சுவரைப் பூசும் முன் நனைக்கச் சொன்னால் முரணாகத் தோன்றும். ஆனால் காய்ந்த வெட்டுக்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு இறுகாமல் பொடியாகும். முந்தின நாள் மாலையும் பூசுவதற்குச் சற்று முன்னும் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் மினுங்கக் கூடாது.

கலவை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு வெறும் சிமென்ட் ஒத்துவராது. அது இறுகிக்கொண்டு ஈரத்தை வெளியே விடாது, உப்பு பின்னால் சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். எங்களுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சே போட்டார்கள். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சிமென்ட் சாந்தில் கட்டிய செங்கல் சுவரானால் ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல், 12 மில்லிமீட்டர் கனம் போதும், பூசிய பின் ஏழு நாள் நனைக்க வேண்டும். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் லிண்டலும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்தால் வெடிப்பு குறையும்.

உங்கள் சுவர் வெட்டுக்கல்லா, செங்கல்லா, மண்ணா என்று ஒரு மூலையில் கொத்திப் பார்த்து எழுதுங்கள். மண் சுவர் என்றால் கலவை வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.