மிஸ்டர் பேட் கை: கிட்டார் எங்கே போனது?

வாங்கிய இசைத்தட்டில் ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ பாட்டில் முன்பு கேட்ட கிட்டார் இல்லையே, தட்டில் கோளாறா, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறும் இல்லை, போலியும் இல்லை. குவீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1985இல் தனியாக வெளியிட்ட ‘மிஸ்டர் பேட் கை’ ஆல்பத்தில் அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கும்: சிந்தசைசர், டிஸ்கோ தாளம்.

நீங்கள் தேடுவது குவீன் கிட்டார் கலைஞர் பிரையன் மே வாசித்தது; அது, மெர்குரி இறந்தபின் குவீன் குழு அதே குரலை வைத்து மறுபடி வாசித்த 1995 பதிப்பில் வருவது. யூடியூபில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

சந்தேகமிருந்தால் அதே ஆல்பத்தின் ‘மேட் இன் ஹெவன்’ பாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் இதே கதைதான். எனக்கென்னவோ அதில் குவீன் பதிப்பே ஒரு படி மேல்.

ஒன்று மட்டும்: உங்களுடையது 2019 மறுவெளியீடு என்றால் அது புதுக் கலவை (ரீமிக்ஸ்), அதாவது பழைய ஒலிப்பதிவுகளைப் புதிதாகக் கலந்தது. 1985இன் பழைய இசைத்தட்டோடு அச்சு அசலாகப் பொருந்தாது.