தரை ஒன்று, விரிப்பு வேறு: வாசகர் கேள்வி பதில்

கே: வீட்டில் விட்ரிஃபைட் டைல்ஸ். எட்டு மாதக் குழந்தை சோபாவைப் பிடித்து நிற்கப் பார்க்கிறான். கடையில் 10, 12, 20 மி.மீ. தடிமனில் நுரை விளையாட்டு விரிப்புகள் இருக்கின்றன. எதை வாங்கலாம்? (வாசகி, திருச்சி)

ப: தவழ மட்டும் என்றால் 10 மி.மீ. போதும். நிற்கப் பழகும் குழந்தை மல்லாக்க விழும், பின்மண்டை தரையில் இடிக்கும். டைல்ஸ், கிரானைட், மார்பிள் மூன்றும் கொஞ்சமும் இளகாதவை, ஆகவே 20 மி.மீ. எடுங்கள்.

தடிமனைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தரை தட்டுப்பட்டால் வேண்டாம்: விழும் வேகத்தில் நுரை முழுக்க நசுங்கி, அடி தரையில்தான் படும். லேசாக அமுங்கி, விரலை எடுத்ததும் மேலெழ வேண்டும். மெத்தைபோலப் புதைந்தால் கணுக்கால் நிலைகொள்ளாது, குழந்தை கூடுதலாகத்தான் விழும். கட்டில் உயரத்திலிருந்து விழுந்தால் 20 மி.மீ.யை நம்ப முடியாது.

வாங்குமுன் கதவின் அடி இடைவெளியை அளந்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். கதவு விரிப்பில் இடித்து நிற்கும். ஓரப் பற்களால் ஒன்றோடொன்று கோக்கும் 60 செ.மீ. சதுர விரிப்புத் துண்டுகள் 12 இருந்தால் ஏறக்குறைய 6 அடிக்கு 8 அடி இடம் நிறையும்.

கே: தரைத்தளத்தில் பழைய சிமென்ட் தரை. 10 மி.மீ. விரிப்பின் அடியில் கறுப்புப் புள்ளிகள். தடிமனாக வாங்கினால் சரியாகுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: ஆகாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் நுரையைத் தாண்டி வெளியேற முடியாமல் அடியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் ஓதம் உறுதி.

அப்படியானால் கோக்கும் துண்டுகள் வேண்டாம். மேடுபள்ளமான தரையில் அவற்றின் பற்கள் கழன்றுகொண்டும் இருக்கும். 15 மி.மீ. மடிப்பு விரிப்பு வாங்கி, விளையாடி முடித்ததும் எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுங்கள். துடைத்த தரை நன்றாகக் காய்ந்த பிறகே விரியுங்கள். இப்போதுள்ள துண்டுகளைச் சோப்பு நீரில் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். புள்ளி திரும்ப வந்தால் தூக்கிப் போடுவதே நல்லது.

கே: சுவருக்குச் சுவர் பொருத்திய துண்டுகள் நடுவில் உப்புகின்றன. ஏன்? (வாசகி, சேலம்)

ப: வெயில் சூட்டில் நுரை விரிகிறது, விரிய இடமில்லை. ஓரத்தில் ஒரு செ.மீ. வெட்டி இடைவெளி விடுங்கள். பால்கனி வெயில் நேராகப் படும் துண்டு சுருண்டிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.