கட்டுநாயக்காவிலிருந்து ஹீத்ரோ: ஆறரை மணி நேரமா, பதினொரு மணி நேரமா?

வணக்கம் சகோதரி. பகல் 1.00 மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு இரவு 7.30க்கு இலண்டன் ஹீத்ரோவில் இறங்குவதாக அம்மாவின் யூலை மாதப் பயணச்சீட்டில் இருப்பதைப் பார்த்து, பயணம் ஆறரை மணி நேரம்தானா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள். கோடைகாலத்தில் இலண்டன் நம் இலங்கையைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அம்மா இறங்கும்போது திருகோணமலையில் நள்ளிரவு 12 மணி; ஆகவே பயணம் பதினொரு மணி நேரம்.

நேர்த்தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். அதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீற்றரால் வகுத்தால் பத்து மணி நேரம்கூட வராது. ஆனால் விமானம் வான்வழித் தடங்களில் வளைந்து, வானின் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்றை எதிர்த்துச் செல்வதோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் சேர்கிறது. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் சற்றுக் குறையும்.

எனக்குக் கவலை தருவது தரைவழிதான். காலை பத்து மணிக்குக் கட்டுநாயக்காவில் நிற்க, திருகோணமலையிலிருந்து ஹபரணை, குருநாகல் வழியான ஐந்தாறு மணிப் பயணத்துக்கு அதிகாலை 3.30க்கே வான் புறப்பட வேண்டும். ஹபரணைக் காட்டுப் பகுதியில் இருட்டில் யானைகள் வீதிக்கு வரும். சாரதியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். விமானத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்ததில் என் தாயாருக்குச் செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியது. அதனால் அம்மா எழுந்து நடக்க வசதியாக இடைவழி ஓர இருக்கையையும், விமான நிலையத்தில் சக்கர நாற்காலியையும் இப்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள்.