பாலனை ஒளித்து வைத்த மருமகள்

வணக்கம் ஐயா,

கல்யாணமாகி எனக்கு இது இரண்டாவது கிறிஸ்துமஸ். கணவர் பக்கத்துச் சொந்தம் மொத்தமும் ஒரே வீட்டில் கூடிவிடும், குழந்தைகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர், நான்கு நாள். என் பிறந்த வீட்டில் 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்வரை கிறிஸ்துமஸ் குடிலில் பாலனை, அதாவது குழந்தை இயேசு பொம்மையை, வைக்க மாட்டோம். தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும். வந்ததும் வீட்டிலேயே சின்னப் பிள்ளை எடுத்துப்போய் வைக்கும். இங்கே டிசம்பர் முதல் வாரமே பாலன், ராஜாக்கள் எல்லாரும் ஆஜர். போன வருஷம் எனக்கு மனசு கேட்காமல், ராத்திரி எல்லாரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று பாலனை எடுத்துத் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். சாயங்காலமே நாத்தனார் மகன் பார்த்துவிட்டு அழ, வீடே தேட, கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இந்த வருஷம் பேசாம இரு" என்கிறார் கணவர். எங்கள் வீட்டுப் பழக்கத்தை நான் விட்டுவிட வேண்டியதுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மன்னிக்கணும், அலமாரி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். இருபத்தொரு பேர் கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து தேட, எடுத்தவர் நடுவில் நின்று கூடவே தேடுவது போல் நடித்திருப்பீர்கள், இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யார் பழக்கம் சரி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் போட்ட குடிலில் வைக்கோல் நிரப்பிய தொட்டி இருந்தது, உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. தொட்டியில் பாலன் சிலை எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை. அந்த வகையில் உங்கள் பிறந்த வீடு ஜெயித்தது. ஆனால் இதை மாமியாரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் நூல் பிடித்தாற்போல் போக ஆரம்பித்தால் உங்கள் வீட்டுக் குடிலும் தப்பாது. லூக்கா நற்செய்தியில் தொட்டி உண்டு, மாடும் கழுதையும் கிடையாது. நாம் ராஜாக்கள் என்கிற, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மத்தேயு நற்செய்தியில்தான் வருகிறார்கள், அங்கே அவர்கள் நுழைவது ஒரு வீட்டுக்குள், எத்தனை பேர் என்ற கணக்கும் அதில் இல்லை. அவர்களுக்கான திருநாள் ஜனவரி 6. உங்கள் வீட்டில் அதுவரை ராஜாக்களை வெளியே நிறுத்தி வைத்தீர்களா?

இவ்வளவு ஏன், தேதியிலேயே ஒற்றுமை இல்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையார் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறார்கள், அது இப்போது 13 நாள் பின்தங்கியிருப்பதால் நமது ஜனவரி 7தான் அவர்களுக்கு டிசம்பர் 25. ஆர்மேனிய சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. ஆக, இரண்டு குடும்பங்கள் ஒரு பொம்மையை எப்போது வைப்பது என்பதில் வேறுபடுவது பெரிய மதபேதம் ஒன்றும் இல்லை.

போன வருஷம் உங்கள் பழக்கம் தோற்கவில்லை. நீங்கள் அதைச் சொல்லாமல் செய்ததுதான் சிக்கலாகிவிட்டது. சின்னப் பிள்ளை வைக்கும், அதுவரை எல்லாரும் காத்திருப்பார்கள் என்பதுதான் அந்தப் பழக்கத்தின் உயிர். காத்திருக்க வேண்டும் என்றே தெரியாதவர்களுக்குக் காலித் தொட்டி என்பது திருட்டுப் போன தொட்டி மட்டும்தான். பையன் அழுததில் ஆச்சரியமே இல்லை.

காத்திருப்பதைக் குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவது என்பதற்கு ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஒருவர் வழி கண்டுபிடித்திருக்கிறார். யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற இறையியலாளர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தி வந்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரிக்க, 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார் என்பார்கள். வார நாளுக்குச் சின்ன சிவப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய வெள்ளை. இன்று கோயில்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கும் திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் கால) வளையம் அதன் வழியில் வந்ததுதான். நச்சரிப்பு தாங்காமல் ஒருவர் செய்த ஏற்பாடு, இப்போது பரம்பரை வழக்கம்.

அதனால் என் யோசனை இது. அந்த வீட்டுக் குடிலில் கை வைக்காதீர்கள். முதல் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு அசந்திருக்கும் நேரத்தில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குடில் எப்போது வாங்கியது, முதன்முதலில் யார் வைத்தார்கள் என்று கேளுங்கள். போன வருஷம் அவர் பேசாமல் இருந்ததற்கான காரணம் அந்தப் பதிலில் இருக்கலாம். அப்புறம் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள், அலமாரி உட்பட. அதற்குப் பிறகு, ஒரு அட்டைப் பெட்டியில் குழந்தைகளே செய்யும் சின்னக் குடில் ஒன்றை ஓரமாக வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதில் தொட்டி காலி. பாலனைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு போன வருஷம் அழுத பையனுக்கு. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுபோங்கள், பெட்டி நிறைய வேண்டாம். (அடுப்படியில் யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கணவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாத்திரம் தேய்க்க அனுப்பலாம்.)

எங்கள் வீட்டுக் குடில் பொம்மைகள் வருஷம் முழுக்க ஒரு பிஸ்கட் டப்பாவில், பழைய செய்தித்தாள் சுற்றிக் கிடக்கும். ஒரு ஆட்டுக்குக் கால் இல்லை, வைக்கோலில் சாய்த்து நிறுத்துவோம். பல வருஷத்துக்கு முன் அண்ணன் மகன், அப்போது நான்கு வயது, இடையர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பொம்மை லாரியை நிறுத்தினான். ஏன்டா என்று கேட்டதற்கு ஆடுகளை ஏற்றி வந்ததாம். என் மனைவி எடுக்கப் போனார், அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சீசன் முடிந்ததும் லாரியும் டப்பாவுக்குள் போனது. அம்மா இப்போது இல்லை, பையன் கல்லூரி முடித்துவிட்டான். போன டிசம்பரில் வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லாரி எங்கே என்றான். ஒரு சக்கரம் எங்கோ போய்விட்டது, அதையும் வைக்கோலில் சாய்த்துத்தான் நிறுத்தியிருந்தோம்.