ஊரடங்கு முடிந்தது, உட்கார்ந்த பழக்கம் முடியவில்லை: வாசகர் கேள்வி-பதில்

ஊரடங்கில் நடப்பதே நின்றுபோனது. நான் மட்டும்தான் சோம்பேறியாகிவிட்டேனோ?

உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். 2020-ல் 187 நாடுகளைச் சேர்ந்த நாலரை லட்சத்துக்கும் அதிகமானோரின் செல்போன் நடைக்கணக்கை ஆராய்ந்தார்கள். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்த பத்தே நாளில் சராசரி நடை 5.5 சதவீதம் குறைந்தது. முப்பது நாளில் 27.3 சதவீதம், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 1,400 காலடிகள் குறைந்தன. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இத்தாலியில் சரிவு 48.7 சதவீதம் வரை போனது. தளர்வாக இருந்த சுவீடனில் 6.9 சதவீதம்தான். மக்களின் சுறுசுறுப்பு நாட்டுக்கு நாடு இவ்வளவா மாறும்? வெளியே போக வழி இருந்ததா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

தினமும் வீட்டிலேயே அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தேன். ஆனாலும் இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏன்?

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அந்த அரை மணியை நீங்கள் காப்பாற்றியது நல்லது. ஆனால் கணக்கில் வராத நடை ஒன்று இருந்தது: பேருந்து நிறுத்தம் வரை போவது, அலுவலகப் படிக்கட்டு, கடைக்கு ஒரு நடை, பக்கத்து மேசைக்குப் போய்ப் பேசுவது. ஊரடங்கு பறித்தது பெரும்பாலும் இதைத்தான். அப்போது நடந்த ஒரு பன்னாட்டுக் கருத்தாய்வில், நாளொன்றுக்கு 5 மணி நேரமாக இருந்த உட்காரும் நேரம் 8 மணி நேரமாகிவிட்டதாகப் பதில் வந்தது.

நடை குறைந்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பது அதற்கு முன்பே தெரியும். தினமும் 10,000 காலடிகள் நடந்துவந்த ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு வாரம் 1,500-க்கும் கீழே நடக்கச் சொன்னார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்தது. உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் சுமார் 7 சதவீதம் இறங்கியது. இரண்டே வாரத்தில்! மாதக்கணக்கில் அடைந்துகிடந்த உடல் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை. அரை மணிப் பயிற்சியை அப்படியே தொடருங்கள், அதோடு தொலைந்த சிறு நடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆனால் நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ கூடவே வந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. வீட்டுக்குள்ளேயே இருந்து பழகியவர், இப்போது நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறார். வயதாகிவிட்டது, விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். 1966-ல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்துச் சோதித்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தபோது தெரிந்தது: உடல் உழைப்புத் திறனை முப்பது வருட மூப்பு குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சி செய்ததும் மூப்பினால் இழந்ததை அவர்கள் மீட்டார்கள். அம்மாவின் வயது வேறு, ஆனால் எழுபதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும். சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, நீங்கள் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முதலில் கையை ஊன்றியே ஐந்து முறை போதும். மெல்ல மெல்லக் கையின் உதவியைக் குறைக்கலாம்.

தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் பலனாமே?

அது பழைய விதி. 2020 நவம்பரில் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் அது இல்லை. அந்த வழிகாட்டுதல் சொல்வது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இரண்டு நிமிட நடையும் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னும் வீட்டிலிருந்தேதான் வேலை. எங்கே தொடங்குவது?

போன் பேசும்போது உட்காராதீர்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் அடுத்த அறையில் வையுங்கள். முன்பு அலுவலகம் கிளம்பிய அதே நேரத்துக்கு வாசலைத் தாண்டி ஒரு சுற்று நடந்து வந்து, பிறகு கணினியைத் திறங்கள்.