ஹைபிரிட் எஸ்யூவி வாங்கி ஓட்டுபவர்களே, ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு அது சரிப்படுகிறதா? கூடுதலாகக் கொடுக்கும் மூன்று லட்சத்திற்குத் தகுமா?

என் மனைவியின் அண்ணன்தான் வேறு பெயரில் வந்து இதைக் கேட்டிருக்கிறாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். வண்டி வீட்டிற்கு வந்ததிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "மாப்ளே, அந்த மூணு லட்சத்துக்கு எத்தனை வருஷம் பெட்ரோல் போட்டிருக்கலாம்?" என்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சாம்பார் ஊற்றும் நேரத்தில் கணக்கு விளக்க முடியாது என்பதால் அங்கே சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். இங்கே விளக்கலாம்.

உங்களிடம் இப்போது ஒரு சிறிய கார் இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பெற்றோரில் ஒருவருக்காவது முழங்கால் வலி, பாதித் தொகைக்கு மேல் வங்கிக் கடன் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். என் நிலையும் அதுதான். ஸ்ரீரங்கத்தில் வீடு, கண்டோன்மெண்ட் பக்கம் அலுவலகம், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா. வண்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா ஆகிய இரண்டில் ஒன்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகை, அதாவது மின்மோட்டாரால் மட்டுமே கூட நகரக்கூடியது. எது என்று சொன்னால் விளம்பரம் என்பார்கள், ஆகையால் சொல்லப் போவதில்லை. 2022இல் வந்த இந்த இரண்டும் கர்நாடகத்தின் பிடதியில் ஒரே ஆலையில் உருவாகுபவை. முகப்பும் சில வசதிகளும் வேறு, அடியில் உள்ள இயந்திரம் ஒன்றே.

அந்த இயந்திரத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து ஏறத்தாழ 116 குதிரைத்திறன் தருகின்றன. மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி, அதாவது நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் முக்கால் யூனிட். இதற்குச் சார்ஜர் கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் வீணாகும் ஆற்றலையும், என்ஜினுக்கு மிஞ்சும் ஆற்றலையும் இது சேர்த்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை வண்டியை நகர்த்தும்போது செலவழிக்கிறது. ஆகவே அடிக்கடி நின்று நின்று புறப்படும் சாலைதான் இதற்கு ஏற்ற சாலை.

மாம்பழச்சாலை சிக்னலில் தொடங்கிக் காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை காலை ஒன்பது மணிக்கு ஊர்ந்து செல்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. என்ஜின் அணைந்தபடியே வண்டி நகர்கிறது. ஏசியின் கம்ப்ரசரும் மின்சாரத்தில் இயங்குவதால், சிக்னலில் என்ஜின் நின்றாலும் குளிர் நிற்பதில்லை. மின்மோட்டார் என்ஜினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும் மைல்ட் ஹைபிரிட் வண்டிகளில் இந்த வசதி இல்லை. அங்கே என்ஜின் நின்றால் சற்று நேரத்தில் வெறும் காற்றுதான் வரும், திருச்சி மே மாதத்தில் அதன் பொருள் என்ன என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அதே சமயம், சிக்னல் மிக நீண்டால் பேட்டரி குறைந்து என்ஜின் தானாகவே உறுமத் தொடங்கும். முதல் முறை கேட்பவர்கள் ஏதோ பழுது என்று பதறுகிறார்கள், அது பழுதல்ல.

இனி கணக்கிற்கு வருகிறேன். நிறுவனங்கள் அறிவித்த லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது சோதனைக் கூடத்து எண், அதை நம்பிக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம். டேங்க் நிரம்ப நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையில் ஊருக்குள் எனக்கு லிட்டருக்கு 24 கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது. இதே வண்டியின் மைல்ட் ஹைபிரிட் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் என் அலுவலக நண்பருக்குக் கிட்டத்தட்ட அதே பாதையில் 14 கிடைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அவருக்கு 71 லிட்டரும் எனக்கு 42 லிட்டரும் ஆகின்றன. லிட்டர் விலை நூறு ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மூவாயிரத்தை ஒட்டிய மிச்சம். மூன்று லட்சத்தை இந்த மிச்சத்தால் மீட்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் இரண்டாயிரம் ஓடுபவர் நான்கு ஆண்டு சொச்சத்தில் மீட்டுவிடுவார். ஆயிரம் ஓடுபவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும், பேட்டரிக்குத் தரப்படும் எட்டு ஆண்டு உத்தரவாதம் ஏறக்குறைய அப்போதுதான் முடியும். கடன் வட்டியையும் சேர்த்தால் எல்லாம் இன்னும் தள்ளிப்போகும்.

இது முழுவதும் ஊருக்குள் ஓடுவதற்கான கணக்கு. சென்னை நான்குவழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எனக்கு 21, நண்பருக்கு 18. ஆயிரம் கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர்தான் மிச்சம். நெடுஞ்சாலையிலேயே ஓடி மூன்று லட்சத்தை மீட்க நினைத்தால் ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்குள் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும். எனவே வாரக் கடைசியில் மட்டும் சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் சென்று வருபவர் இதை வாங்கினால், என் மைத்துனர் பந்தியில் கேட்கும் கேள்வி அவருக்கு முற்றிலும் பொருந்தும். எனக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் என் ஓட்டத்தில் முக்கால் பங்கு பாலத்திற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

மலைப்பாதை பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நாமக்கல் வழியாகக் குடும்பத்துடன் சென்றோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முன் இருக்கையில் அப்பா. ஏறத் தொடங்கிச் சில வளைவுகளுக்குள் பேட்டரியின் அளவு தாழ்ந்துவிட்டது, அதன் பின் சுமை முழுவதும் பெட்ரோல் என்ஜின் மேல் விழுந்தது. வழக்கமான கியர்பெட்டி இதில் இல்லாததால், ஏற்றத்தில் என்ஜின் ஒரே உச்ச ஒலியில் நெடுநேரம் நிற்கும், வேகம் மட்டும் நிதானமாகக் கூடும். "கியரை மாத்துப்பா, பாவம் கத்துது" என்று அப்பா இரண்டு வளைவுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே வந்தார். மாற்றுவதற்குக் கியர் இல்லை என்பதை நாற்பது வளைவு வரை அவர் ஏற்கவில்லை. ஏற்றத்தில் வண்டி திணறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், எங்கும் பின்வாங்கவில்லை. ஆனால் டீசல் எஸ்யூவி ஓட்டிப் பழகியவர்கள் எதிர்பார்க்கும் இழுவை இதில் இல்லை. மலையோரத்தில் குடியிருந்து வாரந்தோறும் ஏறி இறங்குபவர் டீசலையே பார்ப்பது நல்லது.

இறக்கம் இன்னும் சுவையானது. பேட்டரி நிரம்பிக்கொண்டே வரும், பிள்ளைகள் திரையைப் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் ஐந்து பேருடன் இந்த எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் நான்கைந்து யூனிட்; பிடித்துவைக்கும் பேட்டரியோ முக்கால் யூனிட். கால்வாசி மலை இறங்குவதற்குள் அது நிரம்பிவிடும். நிரம்பிய பின் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் வேலை என்ஜினுக்கு வருகிறது, பெட்ரோல் எரியாமலே அது சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கியர் நெம்புகோலில் உள்ள பி நிலை (ஆங்கில B, வண்டியை நிறுத்திவைக்கும் P அல்ல) இதற்காகத்தான் இருக்கிறது. அதில் போட்டால் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துச் சூடேற்ற வேண்டியதில்லை. இறக்கத்தில் என்ஜின் அலறுவதைக் கேட்டு நான் விளக்க வாயெடுப்பதற்கு முன் அப்பாவே, "எந்த கியர்ல ஏறுனோமோ அந்த கியர்லதான் இறங்கணும்னு எங்க டிப்போல சொல்லுவாங்க. இது அதைத்தான் தானா செய்யுது" என்றார். அன்றோடு அவருக்கு வண்டியின் மேல் இருந்த அவநம்பிக்கை தீர்ந்தது. பி நிலை எதற்கு என்று ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த இளைஞருக்கே தெரிந்திருக்கவில்லை என்பது தனிக் கதை.

குடும்பத்திற்கு உண்மையான விலை டிக்கியில் இருக்கிறது. பேட்டரி டிக்கித் தரைக்கு அடியில் வைக்கப்பட்டிருப்பதால், மைல்ட் ஹைபிரிட் வகையைவிட நூறு லிட்டருக்கு மேல் இடம் குறைகிறது. இதே பிரிவில் உள்ள ஹூண்டாய் கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர். இங்கே அதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலே பெரிது. காரைக்குடியில் மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது ஓர் அரிசி மூட்டை, முறுக்கும் சீடையும் நிறைந்த இரண்டு டின், ஐந்து பேரின் துணிப்பைகள் என்று வந்தால் ஏதாவது ஒன்று பின்னிருக்கையில் இருப்பவரின் மடிக்குப் போகும். நாங்கள் பெட்டிகளை விட்டுவிட்டுத் துணிப்பைகளுக்கு மாறிக்கொண்டோம், அதன் பிறகு சமாளிக்க முடிகிறது. சக்கர நாற்காலி எடுத்துச் செல்ல வேண்டிய வீடு என்றால் இந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பேன்.

உட்காரும் வசதியில் எனக்குக் குறையில்லை. இருக்கை இடுப்பு உயரத்தில் இருப்பதால் அப்பா குனியாமலும் கையை ஊன்றாமலும் ஏறி இறங்குகிறார், பழைய சிறிய காரில் அது ஒரு போராட்டம். பின்னால் இரு பிள்ளைகளும் மனைவியும் இயல்பாக உட்காரலாம். பெரியவர்கள் மூவர் என்றால் நடுவில் இருப்பவர் ஒரு மணி நேரத்திற்கு மேல் பொறுக்கமாட்டார், ஆனால் 4.3 மீட்டர் நீள வண்டிகள் எல்லாவற்றிலும் இதுதான் நிலை. கண்ணாடிக் கூரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: நம் ஊர் வெயிலுக்கு அது தேவையற்ற அலங்காரம். ஆயினும் எல்லா நிறுவனங்களும் நல்ல வசதிகளை அந்தக் கூரையோடு சேர்த்தே உயர் வகைகளில் கட்டிவைத்திருக்கின்றன.

விலையைப் பேசும்போது வரியைப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22க்கு முன் இந்த ஹைபிரிட்டுகளுக்கு ஜிஎஸ்டியும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து மொத்தம் 43 விழுக்காடும், 1.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவிகளுக்கு 45 விழுக்காடும் வரி இருந்தன. இப்போது இரண்டுக்கும் 40. அதாவது எரிபொருளை மிச்சப்படுத்தும் வண்டிக்கு இருந்த சிறு சலுகையும் போய்விட்டது, மின்வாகனத்திற்கோ 5 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 2023 இறுதியிலிருந்து 18 விழுக்காடு. உத்தரப் பிரதேசம் 2024இல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்கு அந்த வரியையே நீக்கியது. இங்கே அப்படி எதுவும் இல்லை. மூன்று லட்சக் கூடுதல் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, கூடுதல் விலையின் மேல் விழும் வரிதான். இதை அரசியலாக்க வேண்டாம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கார் வாங்குபவனைப் பணக்காரன் என்றே எண்ணுகிறார்கள்.

ஷோரூம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் வண்டியைப் பதிவு செய்திருந்தேன். வண்டி வந்துவிட்டது என்று அழைத்துக் கையில் கொடுத்த விலைத்தாளில் 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி, நான் கேட்காத சீட் கவர், அடிப்பூச்சு என்று ஒரு தொகுப்பு, வெளியில் விசாரித்ததைவிட மிகக் கூடுதலான காப்பீடு. காப்பீட்டை எங்கு வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்று சொன்னபோது, "அப்படின்னா வண்டி லேட்டாகும் சார்" என்றார்கள். பதிவை ரத்து செய்தேன், முன்பணம் திரும்பி வருவதற்குள் செருப்புத் தேய்ந்தது. எல்லா ஷோரூம்களும் அப்படி அல்ல என்று உடனே யாராவது எழுதுவீர்கள். அல்லதான், பிறகு நான் வாங்கிய இடத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. ஆனாலும் ஆன்ரோடு விலையை இனம் இனமாகப் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். பத்து லட்சத்திற்கு மேல் விலையுள்ள காருக்கு அவர்கள் பிடிக்கும் ஒரு விழுக்காடு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) தொகை, வருமான வரிக் கணக்கில் உங்களுக்கே வரவாகும், அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மின்வாகன அன்பர்கள் கோபிக்க வேண்டாம். வீட்டில் சொந்தக் கார் நிறுத்துமிடமும் சார்ஜர் பொருத்த இடமும் இருந்தால், ஊருக்குள் ஓடும் செலவில் அதை இந்த வண்டி வெல்ல முடியாது. எனக்குத் தெருவில்தான் நிறுத்த இடம், அதனால் அந்தப் பேச்சு என் வீட்டில் எழவில்லை.

உங்கள் ஓட்டம் மாதம் எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறைவு என்றால், இதே வண்டியின் மைல்ட் ஹைபிரிட் மானுவலை எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கடனில் குறைத்துவிடுங்கள், டிக்கியும் பெரிதாகக் கிடைக்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் ஹைபிரிட்டை ஓட்டிப் பாருங்கள். சோதனை ஓட்டத்திற்கு ஞாயிற்றுக்கிழமை காலி சாலை வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில், ஏசியைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் பைகளையும் டிக்கியில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.