கேட் டியூட்டியும் பகல் தூக்கமும்

தம்பி, ஃபெக்டரி கேட்டில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை கதிரையிலேயே இருந்துவிட்டு லயத்து வீட்டில் வந்து படுத்தால் இரண்டு மணிநேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது என்றீர்கள். நானும் ஹட்டன் பக்கம் அதே கதிரைதான். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், மாலை நாலு மணிநேரம் உட்கார்ந்திருந்தவர்கள் அரை மணிக்கொருமுறை எழும்பி 3 நிமிடம் குதிகாலைத் தூக்கி இறக்குவது, கதிரையில் இருந்து எழும்பி உட்காருவது என்று செய்த அன்று ராத்திரி சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கிட்டத்தட்ட அரை மணிநேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். சரி, அவர்கள் நம்மைப் போல பகலில் தூங்குகிறவர்கள் இல்லை, அது வேறு கதை, ஆனாலும் செலவில்லாத வேலை, குளிருக்கும் நல்லது. அப்புறம் விடியற்காலை நாலு மணி பிளேன்டீ குடிப்பதை நிறுத்துங்கள். பகல் வெளிச்சம் வராமல் நான் யன்னலுக்குப் பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டேன், வீட்டில் திட்டு விழுந்தது, பரவாயில்லை.